உப்புப் பார்க்காத கறி

கோழிக்கறியில் எலுமிச்சம்பழம் பிழிகிற வீடு அந்தக் காலத்தில் கடலூர் முதுநகரிலேயே எங்கள் வீடு ஒன்றுதான் இருந்திருக்கும். எங்களவர்களுக்குக் கோழி என்றால் குழம்பு. மிளகாய், மல்லி, தேங்காய் எல்லாவற்றையும் அம்மியில் மையாக அரைத்துக் காலையில் அடுப்பில் ஏற்றினால் உச்சிப்பொழுதுக்குத்தான் இறங்கும். எலுமிச்சம்பழம் அம்மனுக்கு மாலை கோக்க, திருஷ்டி கழிக்க, மிஞ்சினால் ஊறுகாய் போட. அதைக் கோழியில் பிழிந்தவர் என் வீட்டுக்காரர். பினாங்கில் குமாஸ்தாக்கள் தங்குகிற ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்காக மூன்று மாத லீவில் வந்திருந்தார்.

நான் பிறந்தது சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கோயிலைச் சுற்றி இருந்ததால் பாதி வீட்டில் கவிச்சியே கிடையாது. நாங்கள் மீன் வறுத்தால்கூடக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருடுகிற மாதிரிதான் வறுப்போம். கல்யாணமாகி முதுநகருக்கு வந்தால் தெரு முழுக்கக் கருவாடு காய்கிறது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் அந்த வீட்டு அடுப்படியில் ஆம்பிளை உட்கார்ந்து சமைப்பதைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன்.

கல்யாணமாகி நாலைந்து நாள் இருக்கும். மாமியார் குழம்புக்கு அரைக்க அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இவர் பாட்டுக்கு வெடைக்கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, உப்பு, மஞ்சள், இடித்த மிளகு போட்டுப் பிசறி எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்துவிட்டார்.

"இன்னாடா இது, ஆம்பள அடுப்பாண்ட குந்திகினு?" என்றார் அத்தை.

"பசிக்குதும்மா. நீ அரைச்சி முடிக்கறதுக்குள்ள கப்பலே கெளம்பிடும்."

இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்து புகை வரும்வரை விட்டார். நல்லெண்ணெய் ஊற்றி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிண்டவே இல்லை. எனக்குக் கை பரபரத்தது. ஒரு பக்கம் சிவந்ததும் புரட்டிவிட்டு, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் கறியை மட்டும் வழித்து ஒரு தட்டில் எடுத்துவிட்டார். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிப்புடிச்சிடுச்சி, பாத்தியா! சட்டிய நான்தான தேய்க்கணும்?" என்று அத்தை கத்தினார்.

"அடிப்புடிக்கலம்மா. அதுலதான் எல்லா ருசியும் இருக்குது."

அரைக் கரண்டி வெந்நீரை ஊற்றினார். சுர்ரென்று பொங்கியது. கரண்டியால் அடியைச் சுரண்டச் சுரண்ட அந்தப் பழுப்பெல்லாம் கரைந்து சாறானது. சட்டியை இறக்கித் தரையில் வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழத்தை நறுக்கினார். "அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா கசந்துபூடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிழிந்தார், கலக்கினார். இரும்பில் புளிப்பு நின்றால் கறுத்துவிடும் என்று உடனே கறிமேல் ஊற்றப் போனவர், நின்று, கரண்டியில் துளி எடுத்து, "கைய நீட்டு" என்றார்.

அத்தை அங்கேயே நிற்கிறார்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். "உப்பு பாரு. புளிப்பும் பாரு. எலுமிச்சம்பழம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரு பழம் சுள்ளுனு இருக்கும், இன்னொண்ணு சப்புனு இருக்கும். இதுல கணக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது. நாக்குதான் சொல்லணும்."

நக்கிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். உண்மையில் எனக்கு அப்போது உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. முகமெல்லாம் சூடாகிக் கிடந்தது, அவ்வளவுதான். சோற்றில் போட்டுச் சாப்பிட்டபோதுதான், அட, இப்படியும் ஒரு கோழி உண்டா என்று தோன்றியது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கறாரென்றால் அப்படியொரு கறார். சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்துவிட்டால் தூக்கிக் குப்பையில் போடுவார். அந்த வீட்டில் எனக்கு முதல் பொங்கல் வந்தது. படைப்பதற்கு முன்னால் வெல்லம் சரியாக இருக்கிறதா என்று நுனிவிரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டேன். பிறந்த வீட்டிலும் கூடாதென்று தெரியும்தான், கை முந்திக்கொண்டது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. பானையோடு தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, திரும்பவும் குளித்து, புதுப் பானை ஏற்றினார். "படைக்கறத எச்சி பண்ணக் கூடாது. சாமியானாலும் சரி, செத்தவங்களானாலும் சரி, அவங்களுக்கு அப்புறந்தான் நம்ம நாக்கு" என்றார். அன்றைக்குப் பசியோடு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. இவர்தான் அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு கரும்பை ஒடித்துக் கொடுத்தார்.

லீவு முடிந்தது. போவதற்கு முன்னால் கொல்லையில் ஒரு எலுமிச்சைக் கன்று வைத்தார். "இது காய்க்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார். கப்பல் ஏறினார். நாலைந்து கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் அம்மாவுக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி, எலுமிச்சைக்கு ஒரு வரி. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், பினாங்கு விழுந்தது என்றார்கள். கடிதம் நின்றது.

நாலு வருஷம். அதை எப்படிச் சொல்ல? தபால்காரர் தெருவில் திரும்பும்போது அத்தை வாசலுக்கு வருவார், நான் உள்ளே நிற்பேன். அவர் தாண்டிப் போவார். ரெண்டு பேரும் திரும்பிப் போய் வேலையைப் பார்ப்போம். அரிசி ரேஷன், மண்ணெண்ணெய் கிடையாது, எல்லோருக்கும் இருந்த கஷ்டம் எங்களுக்கும் இருந்தது. அதெல்லாம் எனக்கு இன்று நினைவில்லை. தபால்காரரின் செருப்புச் சத்தம் நினைவிருக்கிறது.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், எலும்பும் தோலுமாக. பரங்கிப்பேட்டைக்கு ஒரு மரைக்காயர் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார், அந்த மெஸ் இருந்த தெருவில் கடை வைத்திருந்தவர் என்று கேள்விப்பட்டு, அத்தையும் நானும் ரயிலேறிப் போனோம். அந்தப் பெரியவர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"சயாம் பக்கம் ரயில் பாதை போட ஆள் புடிச்சாங்கம்மா. ஒருநா காலைல லாரி வந்துச்சு. தெருவுல நின்னவங்கள எல்லாம் ஏத்திக்கிட்டாங்க. உங்க புள்ளயும் ஏறுனாரு, நான் என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கல. அங்க போனவங்கள்ல வந்தவங்க கம்மி. அல்லாஹ் மேல ஆணையா எனக்கு வேற தெரியாது."

"இறந்துட்டான்னு யாராவது சொன்னாங்களா?" என்றார் அத்தை.

"இல்லம்மா. அப்படியும் யாரும் சொல்லல."

அங்கிருந்து சிதம்பரம் பக்கம்தானே என்று என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். சாயங்காலம் கோயிலுக்கு அத்தையைக் கூட்டிப்போனேன். சன்னதியில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு முணுமுணுக்கிறார்கள். அத்தை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். வெளியே வந்ததும், "ஏன் அத்த, எதுவும் கேக்கலியா?" என்றேன். "கேட்டு, அவன் இல்லன்னு சாமி சொல்லிட்டா இன்னா பண்றது?" என்றார்.

இந்தச் சேதி தெரிந்ததும் மாமனாரின் அண்ணன் வந்து உட்கார்ந்தார். பெரிய மாமா. மாமனார் இல்லாத வீட்டுக்கு அவர்தான் பெரியவர், கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் முடித்துக் கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவனுக்குக் காரியம் பண்ணிவிட வேண்டும் என்றார். முதலில் அவனுக்குப் பிடித்ததைப் படைத்துக் கூப்பிட வேண்டும். பிறகு கெடிலம் ஆற்றங்கரையில் வைக்கோலில் உருவம் செய்து அவன் பெயரைச் சொல்லிக் கொளுத்த வேண்டும். அங்கேயே என் தாலியை இறக்கிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "செத்தத யாரு பாத்தாங்க?" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் பெரியவர் முன்னால் நான் குரல் எழுப்பியது அதுதான் முதல் தடவை.

"யாரும் பாக்கலதாம்மா. ஆனா வரலியே. காரியம் பண்ணாம வச்சிருந்தா இன்னா ஆவும் தெரியுமா? அவன் பசியோட அலைவான்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பத்து நிமிஷம் பசி பொறுக்காமல் அடுப்பங்கரைக்கு வந்த மனுஷன். ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டவர். அவர் பசியோடு அலைகிறார் என்றால் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

"அவனுக்குப் புடிச்சது இன்னா?" என்று பெரிய மாமா கேட்டார்.

அத்தை அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோழி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சது. அவதான் பண்ணுவா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் சிதம்பரத்திலிருந்து வந்துவிட்டான். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் என்ன இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கொல்லையில் அவர் வைத்த எலுமிச்சை அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. அதிலிருந்துதான் இரண்டு பழம் பறித்தேன். தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு அடுப்பு மூட்டினேன். நடுவீட்டில் தலைவாழை இலை போட்டாகிவிட்டது. குத்துவிளக்கு, வெற்றிலை பாக்கு, தண்ணீர்ச் சொம்பு, அவருடைய பழைய சட்டை ஒன்று. அத்தை வாசற்படியில் நின்று, "படைக்கறது. உப்பு பாக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழம்பாக இருந்திருந்தால் எனக்கு உச்சிவரைக்கும் நேரம் இருந்திருக்கும். அரைக்கலாம், கரைக்கலாம், கொதிக்கட்டும் என்று காத்திருக்கலாம். அவருக்குப் பிடித்த பாழாய்ப்போன கறி சீக்கிரம் ஆகிற கறி. மெதுவாகச் செய்யவே முடியாது. மெதுவாகச் செய்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்துபோகும், சிவக்காது. ஈரச் சேலை முதுகில் காய்வதற்குள் துண்டுகள் சிவந்துவிட்டன. புரட்டினேன். பூண்டு, வெங்காயம், மிளகாய். மூடினேன். இந்த மூடியைத் திறக்கும்போது என் கழுத்தில் தாலி இருக்கிறது, அடுத்த முறை இந்தச் சட்டியைத் தேய்க்கும்போது இருக்காது என்று நினைத்தேன். கறியை எடுத்துத் தட்டில் வைத்தேன். வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன். இறக்கித் தரையில் வைத்து, பழத்தை நறுக்கிப் பிழிந்து கலக்கினேன்.

அப்புறம் நடந்ததை வேண்டுமென்று செய்தேனா என்று பிற்பாடு பல பேர் கேட்டிருக்கிறார்கள். சத்தியமாக இல்லை. கரண்டி தானாகச் சாற்றைத் தொட்டு எடுத்தது. இடது கை தானாக நீண்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டேன். நாக்கில் பட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"ஐயையோ! எச்சி பண்ணிட்டியேம்மா!" என்று பெரிய மாமா நடுவீட்டிலிருந்து அலறினார். கதவு வழியாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அத்தை வந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சட்டியோடு தூக்கிக் கொல்லையில் கொட்டப்போகிறார், இன்னொரு கோழி அடிக்கச் சொல்லப்போகிறார், திரும்பவும் குளி என்று என்னைக் கிணற்றடிக்கு அனுப்பப்போகிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய என் உடம்பில் தெம்பு இல்லை. அத்தை என் எதிரே மெதுவாகக் குந்தினார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"ஊத்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "ஊத்துடி" என்று அதட்டினார். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினார்.

"உப்பு சரியா கீது. புளிப்பு பத்தல. இன்னொரு மூடி பிழி."

பிழிந்தேன். விதையெல்லாம் சட்டியில் விழுந்தது. அத்தை விரலால் ஒவ்வொரு விதையாக எடுத்துப் போட்டார். பிறகு எழுந்து நடுவீட்டைப் பார்த்து, "இதப் படைக்க முடியாது. ரெண்டு நாக்குல பட்டாச்சி. எல்லாரும் கை கழுவிட்டு வந்து குந்துங்க, சாப்புடலாம்" என்றார்.

"வேற கோழி புடிக்கச் சொல்லட்டுமா? நேரம் இருக்குது" என்றார் பெரிய மாமா.

"வேணாம்."

"ஆத்தங்கரையில ஆளுங்க காத்துகினு இருக்காங்களே?"

"போவச் சொல்லுங்க."

பொங்கலைப் பானையோடு கவிழ்த்த அத்தையா இது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவீட்டில் இருந்த சட்டையை அவரே எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்தத் தலைவாழை இலையை இரண்டாகக் கிழித்து, ஒன்றை எனக்குப் போட்டு இன்னொன்றைத் தனக்குப் போட்டுக்கொண்டார். நாங்கள் சாப்பிட்டோம். பெரிய மாமா கோபித்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த பாசம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கோழி எடுக்கிற நாளில் அத்தைதான் என்னிடம் கேட்பார், எலுமிச்சம்பழம் பறிக்கட்டுமா என்று. இறக்கி வைத்ததும் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். பல நாள் உப்பு பத்தாது என்று பொய் சொல்லி இரண்டாவது சொட்டும் வாங்குவார். "கொழந்தையா நீங்க?" என்று நான் சிரிப்பேன். பெரிய மாமாவும் ஆறு மாதம் கழித்து வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். தபால்காரரின் செருப்புச் சத்தத்துக்கு நாங்கள் எழுந்து போவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அத்தைக்கு உடம்பு முடியாமல் போனது. காலில் நீர் கோத்துப் படுத்துவிட்டார். கடைசி வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போகிறாரே என்று அழுதுவிட்டேன். அடக்க முடியவில்லை. அத்தை என் கையைத் தட்டினார்.

"அழுவாத. நான் அங்க போயி பாக்கறேன். அவன் இருந்தான்னா கனவுல வந்து உங்கிட்ட சொல்றேன். அப்புறம் நீ பண்ண வேண்டியதப் பண்ணு."

"அங்க இல்லன்னா?"

"இல்லன்னா நீ இங்க பாத்துகினு இரு."

செவ்வாய்க்கிழமை போய்விட்டார். பெரிய மாமா மகன்தான் கொள்ளி வைத்தான். பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் இன்னொருவன் கையால் நெருப்பு வாங்கிக்கொண்டு போனார் என் அத்தை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பதினாறாம் நாள் படையலுக்கு, அவருக்குப் பிடித்தது என்ன என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். குளித்துவிட்டு வந்து சட்டியைக் காயவைத்தேன். எல்லாம் எப்போதும் போல. இறக்கி வைத்துப் பழத்தைப் பிழிந்ததும் இடது கை எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அத்தைக்குப் படைக்கிறதை எச்சில் பண்ண மாட்டேன். உப்பும் பார்க்கவில்லை, புளிப்பும் பார்க்கவில்லை. பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்காரவும் ஆளில்லை. அப்படியே கறிமேல் ஊற்றி எடுத்துக்கொண்டு நடுவீட்டுக்குப் போனேன்.

அங்கே பெரிய மாமா இரண்டு இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. இந்த முறை அதட்டவில்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"அம்மாவுக்குப் போடறப்பவே புள்ளைக்கும் ஒண்ணு போட்டுடலாமாம்மா? இன்னா சொல்ற? உன் இஷ்டம்தான்."

"ஒரு எல போதும் பெரிய மாமா" என்றேன். "அத்த இன்னும் வந்து சொல்லல."

அவருக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் ஏன், என்ன என்று கேட்காமல் ஒரு இலையை மட்டும் போட்டார். கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்து, பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். பெரிய மாமா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று மெல்லச் சொன்னார். ஜாஸ்திதான். வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் ஒருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

அன்று முதல் தினமும் படுக்கும்போது அத்தையை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். கனவில் யார் யாரோ வருகிறார்கள், அந்தப் பரங்கிப்பேட்டைப் பெரியவர்கூட ஒருமுறை வந்தார். அத்தை வரவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷி அவர். அங்கே பிள்ளையைப் பார்த்திருந்தால் வந்து சொல்லாமல் இருக்க மாட்டார்.